ஏறி வர இன்னொரு வழி

கடந்த மூன்று நாட்களாக அழைப்புகளுக்கும் செய்திகளுக்கும் மறுமொழி தராமல் இருந்ததற்கு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். உடல்நலக் குறைவு ஏதுமில்லை, ஊருக்கும் போகவில்லை. என் மடிக்கணினி திங்கட்கிழமை காலை எழ மறுத்துவிட்டது. அது மீண்டும் எழுந்த கதையை இங்கே எழுதி வைக்கிறேன். கணினித் துறையினருக்கு இதில் புதிதாக ஒன்றும் இராது. வரலாறு, மானுடவியல், சமூகவியல், மொழியியல் என்று களத்துக்குச் சென்று ஒலிப்பதிவுகளோடு திரும்பி வருகிற ஆய்வாளர்களுக்காகவே எழுதுகிறேன். சற்று நீளமான பதிவு.

என் ஆய்வு கோலார் தங்கவயலைப் பற்றியது என்பதை இங்குள்ள பலர் அறிவீர்கள். 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கிய காலத்திலிருந்து வட ஆர்க்காடு, சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து சென்று குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணுக்குக் கீழே உழைத்தன. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்தது அந்தச் சுரங்கங்களுக்காகத்தான். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்ற சாம்பியன் ரீஃப், உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக இருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாம் மூடப்பட்டன. எடுத்த பொன்னுக்கும் ஈட்டிய ஆதாயத்துக்கும் ஏடுகளில் கணக்கு உண்டு. இறங்கியவர்கள் கண்டதும் கேட்டதும் அவர்களுடைய நினைவில் மட்டுமே உண்டு. நுரையீரலில் கல்தூசி படிந்தவர்களின் நினைவு எத்தனை நாள் நமக்குக் கிடைக்கும் என்று சொல்ல இயலாது.

நான்கு ஆண்டுகளில் 47 பேரிடம் பேசியிருக்கிறேன். மொத்தம் 83 மணி நேரப் பதிவு. ஒலியின் தரம் குறையக்கூடாது என்று சுருக்காமல் பதிவு செய்வதால் மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் ஆகிறது. பதிவுக் கருவியின் அட்டையில் இடம் போதாது. ஆகவே ஒவ்வொரு பயணத்துக்குப் பின்பும் மடிக்கணினிக்கு மாற்றிவிட்டு அட்டையை அழித்துவிடுவேன். எனக்குக் கிடைப்பது நெட் அல்லாதோர்க்கான உதவித்தொகை. மாதம் 8,000 ரூபாய், அதுவும் வரும்போது வரும். நல்ல வெளிப்புற வன்வட்டு ஒன்றின் விலை அதில் பாதிக்கு மேல். ‘அடுத்த தவணை வந்ததும் வாங்கிவிடலாம்’ என்று எட்டு மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் வன்வட்டில் எடுத்த நகலில் 28 நேர்காணல்கள் இருந்தன. மற்ற 19 நேர்காணல்கள் உலகில் ஓரிடத்தில் மட்டுமே இருந்தன. அந்த இடம்தான் திங்கட்கிழமை காலை எழ மறுத்தது.

அந்தப் பத்தொன்பதில் ஒன்று, சாம்பியன் ரீஃபில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்த ஒரு பெரியவருடையது. மூன்று அமர்வுகளில் ஆறு மணி நேரம் பேசினார். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கும். நான் பதிவை நிறுத்தப் போவேன். ‘ஓடட்டும்மா, அதுவும் சேர்ந்துதானே’ என்பார். ஏப்ரலில் காலமாகிவிட்டார். அவருடைய மகள் தொலைபேசியில், ‘அப்பா குரல் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்லம்மா. உங்ககிட்ட இருக்கறத ஒரு காப்பி அனுப்பறீங்களா?’ என்று கேட்டார். ‘இந்த வாரமே அனுப்புகிறேன், அக்கா’ என்றேன். நான்கு மாதங்கள் ஆகியும் அனுப்பவில்லை. இயல் எழுத வேண்டும், கருத்தரங்குக் கட்டுரை அனுப்ப வேண்டும் என்று ஏதோ ஒன்று முன்னால் வந்து நின்றுகொண்டே இருந்தது.

இனி கணினிக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய மடிக்கணினி. அதில் உபுண்டு 22.04. ஞாயிற்றுக்கிழமை இரவு புதுப்பித்தல்கள் காத்திருப்பதாக அறிவிப்பு வந்தது. ஒப்புதல் கொடுத்தேன். கர்னல் 6.5 வரிசையிலிருந்து 6.8 வரிசைக்கு மாறவிருந்தது. வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் நடுவே நின்று எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுக்கும் நடுநாயகமான நிரல்தான் கர்னல். ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தம் பொழுதுபோக்கு முயற்சி என்று 1991 ஆகஸ்டில் அறிவித்தது இதைத்தான். புதுப்பித்தல் ஓடிக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு பிழைச்செய்தி வந்தது. சாதனத்தில் இடம் இல்லை என்று அது தெளிவாகவே சொன்னது. வன்வட்டில் இருநூறு ஜிகாபைட்டுக்கு மேல் காலியாக இருப்பது எனக்குத் தெரியும். ஆகவே அந்தச் செய்தியை நான் பொருட்படுத்தவில்லை. சன்னலை மூடினேன், கணினியை அணைத்தேன், உறங்கப் போனேன்.

காலையில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள். கடைசி வரிகளில் ‘கர்னல் பேனிக்’ என்றிருந்தது. மூலக் கோப்பு முறைமையை ஏற்ற இயலவில்லை என்றும், அறியப்படாத தொகுதி என்றும், அடைப்புக்குறிக்குள் இரண்டு சுழியங்களும் இருந்தன. விசைப்பலகையில் ஒரு விளக்கு விட்டு விட்டு மின்னியது. அணைத்து மீண்டும் இயக்கினேன். அதே திரை. பத்து முறையாவது செய்திருப்பேன். அம்மா வழக்கம்போல் எட்டு மணிக்கு அழைத்தார். அழுகையை அடக்கிக்கொண்டு, ‘கர்னல் போச்சும்மா’ என்றேன். ஒரு கணம் அமைதி. பிறகு, ‘அடப் பாவமே, எந்தக் கர்னல்? உங்க யுனிவர்சிட்டியிலயா?’ என்று கேட்டார். இப்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை.

அன்று நான் செய்யவிருந்த தவற்றைத்தான் முதன்மையாகச் சொல்ல வேண்டும். விடுதியில் கேட்ட மூவரும் ஒரே மருந்தைச் சொன்னார்கள்: மறுபடியும் நிறுவு. செகந்திராபாத்தில் கணினிக் கடைகள் நிறைந்த வளாகம் ஒன்றில் ஒரு கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்தேன். ‘ஃபார்மட் செய்து புதிதாக ஏற்றிவிடலாம், பிறகு மென்பொருள் ஓட்டிப் பழைய கோப்புகளை மீட்டுவிடலாம், மேடம்’ என்றார். குறையொன்றும் சொல்வதற்கில்லை. சாதாரண வன்வட்டாக இருந்தால் ஓரளவு நடந்தும் இருக்கும். ஆனால் என் வன்வட்டு குறியாக்கம் செய்யப்பட்டது. பேசியவர்களில் பலர் நிலுவைத் தொகை, இழப்பீடு, தொழிற்சங்கச் சண்டை என்று பெயர் சுட்டிப் பேசியிருக்கிறார்கள். ‘என் பேர் வெளிய வரக்கூடாது’ என்று கேட்டுக்கொண்டுதான் பேசினார்கள். மடிக்கணினி களவுபோனாலும் அந்தக் குரல்கள் பிறர் கைக்குப் போகக்கூடாது என்று, நிறுவும்போதே முழு வட்டையும் கடவுச்சொல்லால் பூட்டியிருந்தேன்.

இந்தப் பூட்டின் அமைப்பு நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, புதன்கிழமைதான் கற்றேன். நாம் தரும் கடவுச்சொல் தரவைப் பூட்டுவதில்லை. தரவைப் பூட்டும் உண்மைச் சாவி வேறு. அந்தச் சாவியை மறைத்து வைத்திருக்கும் சிறு பெட்டியைத்தான் நம் கடவுச்சொல் திறக்கிறது. லக்ஸ் எனப்படும் இந்த முறையில் அப்பெட்டி பூட்டிய பகுதியின் தொடக்கத்தில், சில மெகாபைட் அளவில் இருக்கிறது. வட்டை முழுதும் அழித்துப் புதிதாக நிறுவினால் முதலில் அடிபடுவது அந்த இடம். அது போனால் எண்பத்து மூன்று மணி நேரமும் வட்டில் அப்படியே இருக்கும். கடவுச்சொல்லும் நமக்கு நினைவிருக்கும். ஆனாலும் எந்த மென்பொருளாலும் திறக்க முடியாது. செவ்வாய்க்கிழமை மாலை கடைக்குப் போவதாக இருந்தேன். மழை பிடித்துக்கொண்டது, போகவில்லை. என் அறிவு என்னைக் காப்பாற்றவில்லை. ஹைதராபாத்தின் ஆகஸ்டு மழை காப்பாற்றியது.

அன்று இரவு உணவுக்கூடத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்தமர்ந்தாள் பொருளியல் முதுகலை படிக்கும் ஒரு மாணவி. மலப்புறத்துப் பெண். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: ‘சேச்சி, பாஸ்வேர்ட் சோதிச்சோ?’

‘சோதித்துப் பார்க்கவே வழியில்லையே, அந்தத் திரையில் எங்கே போய்த் தட்டுவது?’ என்றேன். அவள் சிரித்தாள். மலையாளத்தில் சோதிப்பது என்றால் கேட்பது. ‘கணினி உங்களிடம் கடவுச்சொல்லைக் கேட்டதா?’ என்பதே அவள் கேள்வி. யோசித்தேன். கேட்கவில்லை. இரண்டு நாட்களாக அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், வழக்கமாக வர வேண்டிய ஒன்று வரவில்லை என்பதை அந்தக் கணம் வரை கவனிக்கவில்லை.

‘அப்படியென்றால் வட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, சேச்சி. வட்டு வரைக்கும் அது போகவே இல்லை’ என்றாள். அவள் கணினி அறிவியல் படித்தவள் அல்லள். கேரளத்து அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடம் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் நடக்கிறது. எட்டாம் வகுப்பிலிருந்தே அவளுக்கு அது பழகிய வீடு.

அவள் எனக்கு விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். கணினியை இயக்கியதும் முதலில் விழிப்பது மின்பலகையில் பதிந்திருக்கும் நிலைபொருள். அது க்ரப் என்ற சிறு நிரலை அழைக்கிறது. க்ரப், கர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கர்னல், வட்டைத் திறந்து அங்கிருக்கும் முழு அமைப்பையும் எழுப்ப வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல். பூட்டிய வட்டைத் திறப்பதற்கான கருவிகள் அந்த வட்டுக்குள்ளேயே இருக்கின்றன. வீட்டைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்ட கதை. நம் ஊரில் என்ன செய்வோம்? ஒரு சாவியை எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்து வைப்போம். அந்த எதிர்வீட்டின் பெயர் இனிட்ராம்எஃப்எஸ். கர்னலோடு சேர்ந்து நினைவகத்தில் ஏறும் ஒரு சிறு தற்காலிக அமைப்பு அது. வட்டை அடையாளம் காணும் இயக்கிகளும், பூட்டைத் திறக்கும் கருவியும், நம்மிடம் கடவுச்சொல்லைக் கேட்கும் அந்தத் திரையும் அதற்குள்தான் இருக்கின்றன. கடவுச்சொல் கேட்கப்படவில்லை என்றால் எதிர்வீட்டில் ஆள் இல்லை என்று பொருள். கர்னல் வந்துவிட்டது, அதன் துணை வரவில்லை. அது தனியே நின்று, வீடு எங்கே என்று தெரியாமல் திகைத்தது. ‘அறியப்படாத தொகுதி, சுழியம், சுழியம்’ என்பதற்கு அவ்வளவுதான் பொருள்.

‘பழைய கர்னல் இருக்குமே, சேச்சி. அதில் ஏறி வாருங்கள்.’

இது எனக்குத் தெரியாத செய்தி. புதிய கர்னல் வரும்போது பழையது உடனே அழிக்கப்படுவதில்லை. அது தன் துணையோடு அப்படியே காத்திருக்கிறது. க்ரப் மறைத்து வைத்திருக்கும் பட்டியலை வெளிக்கொணர்ந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். என் கணினியைப் போலச் சற்றே புதிய நிலைபொருள் உள்ளவற்றில், இயக்கியவுடன் எஸ்கேப் விசையைத் தட்ட வேண்டும். பழைய வகையில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் பதற்றத்தில் ஏழெட்டு முறை தட்டிவிட்டேன்; பட்டியலுக்குப் பதிலாகக் க்ரப்பின் கட்டளை வரி வந்து நின்றது. அவள் என் கையைப் பிடித்து மெல்ல நகர்த்திவிட்டு அணைத்தாள். மறுபடி இயக்கி ஒரே ஒரு முறை தட்டினாள். பட்டியல் வந்தது. மேம்பட்ட விருப்பங்கள் என்ற வரிக்குள் நுழைந்ததும் நான்கைந்து கர்னல்கள் வரிசையாக நின்றன. 6.5 என்றிருந்ததைத் தேர்ந்தெடுத்தாள்.

சில நொடிகளில் திரை ஊதா நிறமாகி, கடவுச்சொல்லைக் கேட்டது. ‘இப்போ சோதிச்சு’ என்றாள்.

திறந்ததும் நான் கோப்புகளை அள்ளிப் பார்க்கத் தொடங்கினேன். அவள் தடுத்தாள். பழுது பார்ப்பதற்கு முன் நகல். வேறெதுவும் அதற்குப் பிறகுதான். இரவு பதினொன்றரைக்கு மூன்றாம் மாடியில் ஒரு தோழியின் கதவைத் தட்டி வன்வட்டு கடன் வாங்கினோம். பழைய வகை என்பதால் 83 மணி நேரம் நகலாக முக்கால் மணிக்கு மேல் ஆனது. பூட்டில்லாத வட்டில் அந்தக் குரல்களை வைப்பது நான் கொடுத்த வாக்குக்கு முரண் என்ற உறுத்தலும் இருந்தது. ஆகவே அவ்வட்டில் ஒரு பகுதியைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டி, அதற்குள்தான் வைத்தோம். நகல் ஓடிக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியவரின் கோப்பு எந்த வரிசையில் வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை நோயின் மூலத்தைத் தேடினோம். நிகழும் கர்னல் எது என்று காட்டும் யூநேம் கட்டளை முதலில். 6.5 என்றது, நல்லது, அதைத் தொடக்கூடாது. அடுத்து ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்லும் டிஎஃப் கட்டளை. முழு வட்டையும் குறியாக்கம் செய்து நிறுவும்போது, கர்னல்களுக்கென்று பூட்டில்லாத தனிப் பகுதி ஒன்று ஒதுக்கப்படுகிறது. அதன் பெயர் பூட். என்னுடையது சுமார் 700 மெகாபைட். வட்டில் இருநூறு ஜிகாபைட் காலியாக இருந்தாலும் இந்தச் சிற்றறைக்கு அதனால் பயனில்லை. அங்கே 50 மெகாபைட்டுக்கும் குறைவான இடமே எஞ்சியிருந்தது. ஒரு கர்னலும் அதன் துணையும் சேர்ந்து என் கணினியில் ஏறத்தாழ 150 மெகாபைட் பிடிக்கின்றன. அதில் மிகப் பெரும்பங்கு துணைக்கோப்பினுடையது. ஞாயிறு இரவு 6.8 கர்னல் உள்ளே வந்து அமர்ந்தது. அதன் துணையை உருவாக்கப் போனபோது இடம் போதவில்லை. அரைகுறைக் கோப்பு அழிக்கப்பட்டது. ஆனால் பட்டியலின் உச்சியில் 6.8 ஏறிவிட்டது. மறுநாள் கணினி அதையே தேர்ந்தெடுத்தது.

அறை நிரம்பியதற்குக் காரணம் யார்? நான்தான். தேவையற்ற பழைய கர்னல்களை அமைப்பு தானாகவே நீக்கிவிடும். ஆனால் நாமாகக் கையால் நிறுவியவற்றை, நாம் விரும்பி வைத்திருப்பதாகக் கருதி விட்டுவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வைஃபை வேலை செய்யாதபோது, எங்கோ படித்த அறிவுரைப்படி 5.15, 5.19 வரிசைகளில் ஒவ்வொன்றை நானே நிறுவியிருந்தேன். வைஃபை சரியானதும் மறந்துவிட்டேன். அவை அந்தச் சிற்றறையில் பாதிக்குச் சற்றுக் குறைவான இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

தீர்வு கால் மணி நேரத்தில் முடிந்தது. அந்த இரண்டு பழைய கர்னல்களையும் ஆப்ட் வழியாக முறைப்படி நீக்கினோம். கோப்புகளை நேரடியாகக் கையால் அழிக்கக்கூடாது. தொகுப்பு மேலாளருக்குச் செய்தி தெரியாமல் அது மேலும் குழம்பும். பின்னர் பாதியில் நின்ற நிறுவலை முடிக்கும்படி டிபிகேஜிக்குக் கட்டளை கொடுத்தோம். அது 6.8-க்கான துணைக்கோப்பை உருவாக்கியது. க்ரப்பின் பட்டியலையும் புதுப்பித்தது. பூட் பகுதியில் துணைக்கோப்பு வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்த பிறகே மறுதொடக்கம் செய்தோம். ஊதாத் திரை வந்தது, கடவுச்சொல்லைக் கேட்டது. ஓர் இயலும், பத்தொன்பது குரல்களும், நான்கு ஆண்டுகளும் உள்ளே அப்படியே இருந்தன.

அந்தப் பெரியவரின் பதிவை நகல் சரிபார்ப்பதற்காக நடுவிலிருந்து ஓடவிட்டேன். தற்செயலாக விழுந்த இடம் இது. கீழே இறங்கும் முதல் நாள் தம் தகப்பனார் சொன்னதை நினைவுகூர்கிறார். ‘எறங்கற வழிய எல்லாரும் காட்டுவான். ஏறி வர இன்னொரு வழி எங்க இருக்குன்னு மொதல்ல கேட்டுக்கோ. அத கேக்காம வேலைய தொடாத’ என்றாராம். அதன்பின் மூச்சு வாங்குகிறார். நான் அதைப் பெயர்த்தெழுதியிருக்கிறேன், குறிச்சொல் இட்டிருக்கிறேன், சுரங்கப் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் வகைப்படுத்தியும் இருக்கிறேன். என் மேசைக்கு அது பொருந்தும் என்று ஒருபோதும் தோன்றியதில்லை. பழைய கர்னலை அழிக்காமல் வைத்திருக்கும் அமைப்பை வடிவமைத்தவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. பிறர் சொல்வதைக் கேட்பதே என் ஆய்வுமுறை என்று மேடைகளில் பேசியிருக்கிறேன். ஞாயிறு இரவு கணினி சொன்னதை நான் கேட்கவில்லை. நான்கு மாதங்களாக ஒரு மகள் கேட்டதையும் கேட்கவில்லை. ‘இடம் இல்லை’ என்ற செய்தியை மூடியது மூன்று நாள் துன்பத்தோடு போயிற்று. மற்றதற்கு அத்தகைய பழுதுபார்ப்பு கிடைத்திராது. ஒலிப்பதிவை நாம் ‘தரவு’ என்கிறோம். அது நம்முடையதல்ல, நம்மிடம் கொடுத்து வைக்கப்பட்டது. தொலைத்துவிட்டு ‘வட்டு கெட்டுவிட்டது’ என்று யாரிடம் போய்ச் சொல்வது?

பழுது நீங்கியதும் முதலில் செய்தது இயலை நெறியாளருக்கு அனுப்புவதன்று. ஆறு மணி நேரப் பதிவையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி, தங்கவயலுக்குக் கூரியரில் அனுப்பினேன். அனுப்புமுன், பிறர் பெயர் வரும் மூன்று இடங்களைப் பற்றி அவருடைய மகளிடம் தொலைபேசியில் கேட்டேன். ‘அப்பா சொன்னது வீட்டோட இருக்கும்மா, நீங்க வெட்டாதீங்க’ என்றார். வெட்டவில்லை. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். ‘பரவாயில்ல, வருதில்ல’ என்றார்.

நண்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

கணினி எழவில்லை என்றால் முதலில் மறுநிறுவலுக்குப் போகாதீர்கள். பட்டியலில் பழைய கர்னல் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வட்டு குறியாக்கம் செய்யப்பட்டதா என்பதைப் பழுது பார்ப்பவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கடவுச்சொல் கேட்கப்பட்டதா இல்லையா என்பதைக் கவனியுங்கள். எந்தப் படியில் நின்றது என்பதை அது சொல்லிவிடும். மாதம் ஒருமுறை பூட் பகுதியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். குறியாக்கத்தின் தலைப்பகுதியையும் நகல் எடுத்து வைக்க வழியுண்டு. அந்த நகலையும் சாவியைப் போலவே பாதுகாக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, களப்பதிவுகளுக்கு மூன்று பிரதிகள் வையுங்கள். அவை இரு வேறு ஊடகங்களில் இருக்கட்டும். ஒன்று உங்கள் அறைக்கு வெளியே இருக்கட்டும். வன்வட்டு வாங்கப் பணமில்லை என்ற நிலை எனக்குத் தெரியும். என் நெறியாளரிடம் இன்று கேட்டேன். துறையில் ஒரு வட்டைப் பொதுவில் வைப்பதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். நான்கு ஆண்டுகளாக அதைக் கேட்கவே கூச்சப்பட்டிருக்கிறேன். உங்கள் துறைகளிலும் கேளுங்கள்.

இந்தப் பதிவை வாசித்து முடித்ததும் வேறெதையும் திறக்காமல், உங்கள் கடைசி நகலின் தேதியைப் பாருங்கள். எங்கள் விடுதியில் இருப்பவர்கள், கட்டளை வரியைக் கண்டு அஞ்சினால், என் அறைக்கு வாருங்கள். எனக்குத் தெரிந்தது ஐந்தாறு கட்டளைகளே. அதற்கு மேல் வேண்டுமென்றால் இரண்டாம் மாடியில் மலப்புறத்துப் பெண் இருக்கிறாள். அவள் என்ன ‘சோதிச்சாலும்’ கேட்டுப் பதில் சொல்லுங்கள்.